ரெஜிஸ்டர் பூஜ்ஜியம் காட்டுகிறதா? முதலில் மோடைப் பாருங்கள்

கார்டெக்ஸ்-எம்4 செயலியில் ஓடும் ஒரு சின்ன ப்ரோக்ராம். மெயின் ஸ்டாக்கில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதற்காக அந்த ஸ்டாக்கின் முனை முகவரியை வைத்திருக்கும் எம்எஸ்பி ரெஜிஸ்டரைப் படித்து அச்சிட்டேன். 0 வந்தது. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் அதே எம்எஸ்பியில் சரியான முகவரி இருக்கிறது. மறுபடி ஓட்டினால் மறுபடி 0. கம்பைலர் மேல் சந்தேகப்பட்டேன். ஆப்டிமைசேஷனை நிறுத்தினேன். அசெம்பிளி வரியை நாலு விதமாக மாற்றி எழுதினேன். மூன்று நாள் போனது. கடைசியில் ஆர்ம் கையேட்டில், சிறப்பு ரெஜிஸ்டர்களைப் படிக்கும் எம்ஆர்எஸ் கட்டளைக்கான பக்கத்தில் ஒரே ஒரு நிபந்தனை கண்ணில் பட்டது: உரிமையுள்ள நிலையில் இருந்தால் மட்டும் எம்எஸ்பியின் மதிப்பு கிடைக்கும், இல்லாவிட்டால் 0. நான் பயன்படுத்திய ஆர்டிஓஎஸ் (நிகழ்நேர இயங்குதளம்) என் டாஸ்க்கை உரிமையில்லாத நிலையில் தொடங்கி வைத்திருந்தது.

அந்த மூன்று நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். ரெஜிஸ்டரின் பெயர் மாறாது; கேட்பவர் எந்த மோடில் (செயலியின் இயங்கு நிலையில்) இருக்கிறார் என்பதைப் பொறுத்துச் செயலி தரும் பதில் மாறும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள வரிசையில் போங்கள். சி மொழி தெரிந்து, அசெம்பிளியை எட்டிப் பார்த்தவராக இருந்தால் போதும். பிரிவிலேஜ் என்று எல்லோரும் சொல்வதை இங்கே ‘உரிமை’ என்றே எழுதுகிறேன்.

1. ஆவணங்களை முதலில் இறக்கி வையுங்கள்

செலவு எதுவும் இல்லை. எல்லாமே இலவச பிடிஎஃப்.

கார்டெக்ஸ்-எம்3, எம்4, எம்7 என்றால் ஆர்ம்வி7-எம் கட்டமைப்புக் கையேடு; அதன் எண் டிடிஐ 0403. 64 பிட் ஆர்ம் செயலிகளுக்கு டிடிஐ 0487. எக்ஸ்86 என்றால் இன்டெல் டெவலப்பர் கையேடு, நான்கு தொகுதி: இரண்டாவதில் ஒவ்வொரு கட்டளையும், மூன்றாவதில் மோடுகளும் கண்ட்ரோல் ரெஜிஸ்டர்களும், நான்காவதில் எம்எஸ்ஆர் பட்டியலும் இருக்கும். ரிஸ்க்-விக்கு இரண்டு தொகுதி; நமக்கு வேண்டியது உரிமை நிலைகளைப் பற்றிய இரண்டாவது தொகுதி.

இங்கேயே இரண்டு பொறிகள் இருக்கின்றன. முதலாவது, சிப் தயாரித்த நிறுவனத்தின் கையேடு மட்டும் போதும் என்று நினைப்பது. அதில் டைமர், யுஆர்டி, ஜிபிஐஓ எல்லாம் விரிவாக இருக்கும். கோருக்குள் இருக்கும் கண்ட்ரோல் (உரிமை நிலையைச் சொல்வது), பிரைமாஸ்க் (இன்டரப்ட்டை நிறுத்துவது) போன்ற ரெஜிஸ்டர்கள் பெரும்பாலும் ஆர்ம் கையேட்டில்தான் முழுமையாகக் கிடைக்கும். இரண்டாவது, பெயர்க் குழப்பம். ஆர்மில் எம்எஸ்ஆர் என்பது ரெஜிஸ்டரில் எழுதும் கட்டளை. இன்டெலில் எம்எஸ்ஆர் என்பது ஒரு வகை ரெஜிஸ்டர். தேடும்போது எந்தச் செயலி என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

கையேட்டை முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போகாதீர்கள். ஆயிரக்கணக்கான பக்கங்கள், முடியாது. உங்களுக்குச் சிக்கல் தந்த கட்டளையின் பக்கத்துக்கு நேராகப் போங்கள். ஆர்ம் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே அது என்ன செய்கிறது என்று சூடோகோட் இருக்கும். உரிமை பற்றிய நிபந்தனை அதற்குள்தான் ஒளிந்திருக்கும், மேலே உள்ள விளக்கப் பத்தியில் சில நேரம் இருக்காது. இன்டெல் கையேட்டில் கட்டளைப் பக்கத்தின் கடைசிக்குப் போங்கள். ரியல் மோடு, புரொடெக்டட் மோடு, 64 பிட் மோடு என்று ஒவ்வொன்றிலும் எப்போது எக்ஸெப்ஷன் (ஓட்டம் நின்று தனி ஹேண்ட்லருக்குத் தாவுவது) வரும் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

போர்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. க்யூஎமு என்ற எமுலேட்டர் போதும், அதுவும் இலவசம். எம்பிஎஸ்2-ஏஎன்386 என்ற மெஷின் கார்டெக்ஸ்-எம்4. எக்ஸ்86, 64 பிட் ஆர்ம், ரிஸ்க்-வி எல்லாம் அதிலேயே ஓடும்.

2. இப்போது எந்த மோடில் இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்

மற்ற எந்த ரெஜிஸ்டரைத் தொடுவதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் வழி வேறு.

கார்டெக்ஸ்-எம்மில் கண்ட்ரோல் ரெஜிஸ்டரைப் படியுங்கள். நல்ல வேளையாக, இதை உரிமையில்லாத நிலையிலும் படிக்கலாம். 0ஆம் பிட் 1 என்றால் உரிமையில்லை. 1ஆம் பிட் 1 என்றால் பிஎஸ்பி ஸ்டாக் (டாஸ்க்குகளுக்கான தனி ஸ்டாக்) பயன்பாட்டில் இருக்கிறது. ஆக 3 வந்தால் இரண்டும் சேர்ந்தது. என் டாஸ்க்கில் அதுதான் இருந்திருக்கிறது, நான் படித்துப் பார்க்கவே இல்லை. ஆனால் கண்ட்ரோலை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் நுழைந்துவிட்டால் 0ஆம் பிட் 1 ஆக இருந்தாலும் முழு உரிமை உண்டு. ஹேண்ட்லர் மோடுக்கு எப்போதும் உரிமை இருக்கிறது. எனவே இப்போது ஓடும் எக்ஸெப்ஷனின் எண்ணை வைத்திருக்கும் ஐபிஎஸ்ஆரையும் சேர்த்துப் படியுங்கள். அது 0 இல்லை என்றால் ஹேண்ட்லருக்குள் இருக்கிறீர்கள்.

இன்னொன்று: கார்டெக்ஸ்-எம்0 கோரில் உரிமையில்லாத நிலையே கிடையாது. எம்0+ல் அது சிப் தயாரிப்பவரின் விருப்பம். எம்0ல் ஒழுங்காக ஓடிய கோடு எம்4க்கு மாறியதும் முரண்டு பிடித்தால் இதையும் நினைத்துப் பாருங்கள்.

எக்ஸ்86ல் சிஎஸ் ரெஜிஸ்டரின் கடைசி இரண்டு பிட்டைப் பார்க்க வேண்டும். 64 பிட் லினக்ஸில் ஒரு சாதாரண ப்ரோக்ராமிலிருந்து சிஎஸ்ஸைப் படித்தால் 51 வரும். இரும எண்ணில் 110011. கடைசி இரண்டு பிட் 11, அதாவது 3. நீங்கள் ரிங் 3ல், அதாவது உரிமை மிகக் குறைந்த நிலையில், இருக்கிறீர்கள். அதே லினக்ஸ் கெர்னலுக்குள் படித்தால் 16 வரும், கடைசி இரண்டு பிட் 00. அது ரிங் 0, முழு உரிமை.

64 பிட் ஆர்மில் உரிமை நிலைகளுக்கு இஎல்0 (கீழ்) முதல் இஎல்3 (மேல்) வரை பெயர்; கரன்ட்இஎல் என்று ஒரு ரெஜிஸ்டர். இஎல்1ல் இருந்தால் 1 வரும் என்று எதிர்பார்ப்போம், 4 வரும். இஎல்2ல் 8. மதிப்பு 2, 3ஆம் பிட்டுகளில் இருப்பதால் இப்படி. இரண்டு பிட் வலப்பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள். இஎல்0ல் இருந்துகொண்டு அதைப் படிக்கவே முடியாது, எக்ஸெப்ஷன் வரும்.

ரிஸ்க்-வியில் தற்போதைய மோடைச் சொல்லும் ரெஜிஸ்டரே வைக்கவில்லை. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். எப்படித் தொடங்கினோம் என்பதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் க்யூஎமுவின் விர்ட் மெஷின். ஒன்றும் சொல்லாமல் தொடங்கினால் அது முதலில் ஓப்பன்எஸ்பிஐ என்ற ஃபர்ம்வேரை ஓட்டிவிட்டு, உங்கள் கோடை எஸ் மோடில் (இயங்குதளத்துக்கான நிலை) தொடங்கும். அங்கே ஹார்ட் (கோர்) எண்ணைச் சொல்லும் எம்ஹார்ட்ஐடியைப் படித்தால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். பயாஸ் வேண்டாம் என்று சொல்லித் தொடங்கினால்தான் மிக உயர்ந்த உரிமையுள்ள எம் மோடு கிடைக்கும். எஸ் மோடிலேயே இருக்க விரும்பினால் ஹார்ட் எண்ணை ஓப்பன்எஸ்பிஐ ஏ0 ரெஜிஸ்டரில் போட்டுத்தான் அனுப்புகிறது, அதைத் தொலைக்காமல் முதல் வரியிலேயே சேமித்துக்கொள்ளுங்கள்.

3. ரெஜிஸ்டர்களை மூன்று கூடைகளாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதி வையுங்கள். நான் இன்னமும் அப்படித்தான் செய்கிறேன்.

முதல் கூடை எல்லா மோடுக்கும் பொது. கார்டெக்ஸ்-எம்மில் ஆர்0 முதல் ஆர்12 வரை, ரிஸ்க்-வியில் எக்ஸ்0 முதல் எக்ஸ்31 வரை. யாரும் படிக்கலாம், எழுதலாம் (ரிஸ்க்-வியின் எக்ஸ்0 மட்டும் எப்போதும் 0). இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இரண்டாவது கூடையில் தான் ஆபத்து: ஒரே பெயர், மோடுக்கு மோடு வேறு வேறு ரெஜிஸ்டர். பேங்க்டு என்று சொல்வார்கள். 32 பிட் ஆர்ம்வி7-ஏயில் ஆர்13 (ஸ்டாக் பாயிண்டர்) என்று எழுதினால், ஐஆர்க்யூ (இன்டரப்ட்) மோடில் ஒரு ஆர்13, எஸ்விசி (கெர்னல்) மோடில் இன்னொரு ஆர்13, யூசர் மோடில் வேறொன்று. எஃப்ஐக்யூ (வேகமான இன்டரப்ட்) மோடுக்கு ஆர்8லிருந்து ஆர்14 வரை எல்லாமே தனி. எனவே பூட் கோடில் ஒரு மோடுக்கு மட்டும் ஸ்டாக் அமைத்துவிட்டு இன்டரப்ட்டைத் திறந்தால், முதல் இன்டரப்ட்டிலேயே ஐஆர்க்யூ மோடின் ஆர்13 எங்கேயோ காட்டிக்கொண்டிருக்கும், மெமரி நாசமாகும். ஒவ்வொரு மோடுக்கும் மாறி மாறிப் போய் ஸ்டாக்கை அமைத்த பிறகுதான் இன்டரப்ட்டைத் திறக்க வேண்டும்.

சரி, எஸ்விசி மோடில் இருந்துகொண்டு யூசர் மோடின் ஆர்13 வேண்டுமென்றால்? அதற்குத்தான் சிஸ்டம் மோடு இருக்கிறது. அதன் மோடு பிட்டுகள் 11111. யூசர் மோடின் அதே ரெஜிஸ்டர்கள், ஆனால் உரிமையோடு. அங்கே மாறி, ஆர்13ஐ ஆர்0க்கு நகர்த்தி, 10011 போட்டு எஸ்விசிக்குத் திரும்பினால் வேலை முடிந்தது. இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஆனால் தவறிப்போய் யூசர் மோடுக்கே, அதாவது 10000க்கு, மாறிவிட்டால் திரும்பி வர முடியாது. அங்கிருந்து மோடு பிட்டுகளில் எழுதுவதைச் செயலி கண்டுகொள்ளாது.

மூன்றாவது கூடை, உரிமை இருந்தால் மட்டும் திறப்பவை: எக்ஸ்86ல் கண்ட்ரோல் ரெஜிஸ்டர்களான சிஆர்0, சிஆர்3, சிஆர்4, எம்எஸ்ஆர்கள், 64 பிட் ஆர்மில் பெயர் இஎல்1, இஎல்2, இஎல்3 என்று முடிபவை. ரிஸ்க்-வியில் இது மிக அழகாக இருக்கிறது: சிஎஸ்ஆர் (கட்டுப்பாட்டு, நிலை ரெஜிஸ்டர்) எண்ணிலேயே அனுமதி எழுதியிருக்கும். 12 பிட் எண்ணில் 9, 8ஆம் பிட்டுகள் குறைந்தபட்ச உரிமையைச் சொல்லும். 11, 10ஆம் பிட்டுகள் இரண்டும் 1 என்றால் படிக்க மட்டும். எம்ஸ்டேட்டஸ் எண் பதினாறடிமானத்தில் 300, எஸ்ஸ்டேட்டஸ் 100. அந்த 9, 8ஆம் பிட்டுகள் முறையே 11, 01. கையேட்டைத் திறக்காமலே முதலாவது எம் மோடுக்கு, இரண்டாவது எஸ் மோடிலிருந்து மேலே என்று சொல்லிவிடலாம்.

4. மறுப்பு சத்தமாக வருமா, சத்தமில்லாமல் வருமா?

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

உரிமையில்லாமல் ஒரு ரெஜிஸ்டரைத் தொட்டால் இரண்டு விதமாக மறுப்பு வரும். ஒன்று, எக்ஸெப்ஷன். ப்ரோக்ராம் அங்கேயே நிற்கும், எந்த வரி என்று தெரிந்துவிடும், அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். மற்றது, எதுவுமே நடக்காது. எழுதினால் எழுதியது காற்றோடு போகும், படித்தால் 0 வரும், அடுத்த வரிக்குப் போய்விடும். நாட்களைத் தின்பது இந்த இரண்டாவது வகை.

கார்டெக்ஸ்-எம்மில் இரண்டும் உண்டு. உரிமையில்லாத நிலையில் எம்எஸ்பி, பிஎஸ்பி, பிரைமாஸ்க் இவற்றைப் படித்தால் 0. பிரைமாஸ்க்கில் எழுதினால் கண்டுகொள்ளாது. இன்டரப்ட்டை நிறுத்தும் சிபிஎஸ்ஐடி கட்டளை வெறும் நோப் (எதுவும் செய்யாத கட்டளை) ஆகிவிடும். ஆனால் என்விஐசி (இன்டரப்ட் கட்டுப்படுத்தி), சிஸ்டிக் (டைமர்) போன்றவற்றை அவற்றின் முகவரி வழியாகத் தொட்டால் பஸ்ஃபால்ட் என்ற எக்ஸெப்ஷன் வரும்.

எம்எஸ்பி 0 காட்டியதால் எனக்கு வெறும் நேரம்தான் போனது. சிபிஎஸ்ஐடி விஷயம் அதைவிட மோசம். அதே டாஸ்க்கில் ஒரு கவுண்டரை நானும் ஒரு டைமர் இன்டரப்ட்டும் பகிர்ந்துகொண்டிருந்தோம். இன்டரப்ட்டை நிறுத்திவிட்டுத்தான் கூட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நிற்கவே இல்லை. கவுண்டர் மணிக்கணக்கில் சரியாக ஓடும், திடீரென்று ஒன்று குறையும். எம்எஸ்பி குழப்பம் தெளிந்த பிறகுதான் இதற்கும் அதே காரணம் என்று புரிந்தது. உங்கள் டாஸ்க் உரிமையில்லாமல் ஓடுகிறது என்று தெரிந்தால், அதில் இன்டரப்ட்டை நிறுத்தும் இடங்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே தேடிப் பாருங்கள். நிறுத்திய கையோடு பிரைமாஸ்க்கைப் படித்து 1 வருகிறதா என்று ஒரு அசெர்ட் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

எக்ஸ்86ல் இதே இரட்டைப் போக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். ரிங் 3ல் இன்டரப்ட்டை நிறுத்தும் சிஎல்ஐ கட்டளை கொடுத்தால் ஜெனரல் புரொடெக்ஷன் எக்ஸெப்ஷன். லினக்ஸில் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று ப்ரோக்ராம் சாகும். அதே வேலையை, இன்டரப்ட் பிட்டை 0 ஆக்கி, ஃபிளாக்குகளை ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் போடும் பாப்எஃப் கட்டளை வழியாகச் செய்து பாருங்கள். எக்ஸெப்ஷன் வராது. மற்ற ஃபிளாக்குகள் மாறும், அந்த ஒரு பிட் மட்டும் மாறாது. சிஆர்0ஐ மூவ் கட்டளையால் படித்தாலும் ப்ரோக்ராம் சாகும். ஆனால் எஸ்எம்எஸ்டபிள்யூ என்ற பழைய கட்டளை சிஆர்0இன் கீழ் 16 பிட்டை ரிங் 3க்கும் கொடுத்துவிடும், சிஆர்4ல் யுஎம்ஐபி பிட் போட்டிருந்தால் ஒழிய.

64 பிட் ஆர்மும் ரிஸ்க்-வியும் பெரும்பாலும் சத்தம் போடுபவை. இஎல்0லிருந்து இஎல்1 ரெஜிஸ்டரைத் தொட்டால் லினக்ஸில் சிக்இல் (இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் சிக்னல்) வரும். ஆனால் இங்கேயும் ஒரு விதிவிலக்கு: எம்ஐடிஆர் போன்ற சில அடையாள ரெஜிஸ்டர்களை லினக்ஸ் கெர்னல் இடையில் புகுந்து படித்துக் கொடுக்கும். அது வேலை செய்கிறதே, மற்றதும் வேலை செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள்.

கார்டெக்ஸ்-எம்3, எம்4ல் வேலை செய்கிறவர்கள் பூட் கோடிலேயே, உரிமை இருக்கும்போதே, எஸ்எச்சிஎஸ்ஆர் ரெஜிஸ்டரின் 16, 17, 18ஆம் பிட்டுகளைப் போட்டுவிடுங்கள். மெமரி, பஸ், யூசேஜ் ஃபால்ட்டுகள் தனித்தனியாக வரும். போடாவிட்டால் எல்லாமே ஹார்ட்ஃபால்ட்டில் போய் விழும்.

5. உரிமை வேண்டுமென்றால் வாசல் வழியாகப் போங்கள்

கார்டெக்ஸ்-எம்மில் உரிமையைக் கைவிடுவது ஒரு வரி: கண்ட்ரோலின் 0ஆம் பிட்டில் 1 எழுதி, உடனே ஐஎஸ்பி கட்டளை. ஐஎஸ்பியை விட்டுவிட்டால் ஏற்கெனவே பைப்லைனுக்குள் வந்துவிட்ட அடுத்த ஓரிரு கட்டளைகள் பழைய நிலையிலேயே ஓடக்கூடும். திரும்பப் பெறுவதுதான் கஷ்டம். உரிமையில்லாத நிலையிலிருந்து அந்தப் பிட்டில் 0 எழுதினால் சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். எக்ஸெப்ஷன் ஒன்றுதான் வாசல்; நாமாகத் தட்டும் வாசல் எஸ்விசி கட்டளை.

எஸ்விசி கொடுத்ததும் வன்பொருளே எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் அடுக்கும்: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர் (திரும்பும் முகவரி), பிசி (அடுத்த கட்டளையின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர் (நிலை ஃபிளாக்குகள்). மொத்தம் 32 பைட். எந்த ஸ்டாக்கில் அடுக்கியது என்பதை ஹேண்ட்லருக்குள் எல்ஆரில் இருக்கும் சிறப்பு மதிப்பு சொல்லும். அதன் கடைசி நான்கு பிட் 1101 என்றால் பிஎஸ்பி, 1001 என்றால் எம்எஸ்பி. 0001 என்றால் வேறொரு ஹேண்ட்லருக்குள்ளிருந்து வந்திருக்கிறோம், அப்போதும் எம்எஸ்பி. சுருக்கமாக, 2ஆம் பிட்டைச் சோதித்து 1 என்றால் பிஎஸ்பியையும் 0 என்றால் எம்எஸ்பியையும் ஆர்0க்கு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகவரியிலிருந்து 24 பைட் தள்ளி பிசி இருக்கும். அந்த பிசிக்கு இரண்டு பைட் முன்னால் உள்ள பைட்தான் எஸ்விசி எண்.

இதில் எல்லோரும் ஒருமுறையாவது இடறும் கல் ஒன்று உண்டு. பதிலை ஹேண்ட்லரில் ஆர்0ல் போட்டுவிட்டுத் திரும்புவோம். அழைத்தவருக்குப் பழைய ஆர்0தான் கிடைக்கும். காரணம், திரும்பும்போது வன்பொருள் ஸ்டாக்கிலிருந்து ஆர்0ஐ மீட்டு எழுதிவிடுகிறது. பதிலை ஸ்டாக்கில் இருக்கும் ஆர்0இன் இடத்தில், அதாவது அந்த 32 பைட்டின் முதல் நான்கு பைட்டில் எழுத வேண்டும்.

அப்புறம், இன்டரப்ட்டை நிறுத்திவைத்துக்கொண்டு எஸ்விசி கொடுக்காதீர்கள். எஸ்விசியைவிட உயர்ந்த முன்னுரிமையுள்ள ஹேண்ட்லருக்குள்ளிருந்தும் கொடுக்காதீர்கள். இரண்டும் ஹார்ட்ஃபால்ட்டில் முடியும்.

இணையத்தில் பார்க்கும் சில உதாரணங்களில் எஸ்விசி ஹேண்ட்லர் கண்ட்ரோல் பிட்டை 0 ஆக்கி, அழைத்தவருக்கு முழு உரிமையையும் கொடுத்து அனுப்பிவிடும். வேலை சுலபமாக முடியும்தான். ஆனால் கேட்டவருக்கெல்லாம் சாவியைக் கொடுப்பதானால் பூட்டே தேவையில்லை. எம்எஸ்பி வேண்டுமா, எம்எஸ்பியை மட்டும் படித்துக் கொடுக்க ஒரு எஸ்விசி எண். கேட்பவர் ஒரு முகவரியைக் கொடுத்து அங்கே எழுதச் சொன்னால், அந்த முகவரியைத் தொட அவருக்கே அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எஸ்டிஆர்டி, எல்டிஆர்டி கட்டளைகள் இதற்கென்றே இருக்கின்றன: ஹேண்ட்லருக்குள் இருந்தாலும் உரிமையில்லாதவர் போலவே மெமரியைத் தொடும்.

6. எக்ஸ்86 என்றால் அகலத்தையும் கவனியுங்கள்

ஆர்மில் யார் கேட்கிறார்கள் என்பதுதான் கேள்வி. எக்ஸ்86ல் எத்தனை பிட் மோடு என்பதும் சேர்ந்துகொள்ளும்.

16 பிட் ரியல் மோடில் 32 பிட் இஏஎக்ஸ் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். 80386 முதல் கிடைக்கும். அசெம்பிளர் ஒரு முன்னொட்டு பைட்டைச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஆர்8 முதல் ஆர்15 வரையிலானவை 64 பிட் மோடில் மட்டும்தான். 64 பிட் மோடில் இஏஎக்ஸில் எழுதினால் ஆர்ஏஎக்ஸின் மேல் 32 பிட் 0 ஆகிவிடும். ஏஎக்ஸிலோ ஏஎல்லிலோ எழுதினால் மேல் பகுதி அப்படியே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் முகவரிகளைத் தொலைத்தவர்கள் நிறைய. ஏஎச், பிஎச் போன்றவற்றை ஆர்8 உடன் ஒரே கட்டளையில் சேர்க்க முடியாது; அசெம்பிளர் பிழை காட்டினால் பயப்பட வேண்டாம், அதுதான் விதி.

64 பிட் மோடிலிருந்து 32 பிட்டுக்கு இறங்கி மறுபடி ஏறினால், மேல் 32 பிட்டும் ஆர்8 முதல் ஆர்15 வரையும் பிழைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். உத்தரவாதம் கிடையாது. இறங்கும் முன் மெமரியில் சேமியுங்கள்.

64 பிட் மோடை உள்ளடக்கிய லாங் மோடுக்கு ஏறும் வரிசை இது: சிஆர்4ல் பிஏஇ பிட், சிஆர்3ல் பேஜ் டேபிள் முகவரி, இஎஃப்இஆர் எம்எஸ்ஆரில் 8ஆம் பிட், பிறகு சிஆர்0ல் பேஜிங் பிட், கடைசியாக 64 பிட் செக்மென்ட்டுக்கு ஃபார் ஜம்ப். பேஜிங் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த 8ஆம் பிட்டை மாற்றினால் ஜெனரல் புரொடெக்ஷன். இன்னொரு சங்கடம்: பழைய பயாஸ் வழியாக பூட் ஆனால் ரியல் மோடில் தொடங்குவீர்கள். 64 பிட் யுஇஎஃப்ஐ வழியாக வந்தால் ஏற்கெனவே லாங் மோடில் இருக்கிறீர்கள். ஒன்றுக்கு எழுதிய பாடத்தை மற்றதில் ஓட்டினால் முதல் சில கட்டளைகளிலேயே விழும்.

7. ஃப்ளோட்டிங் பாயிண்ட் ரெஜிஸ்டர்களுக்குத் தனிப் பூட்டு

முழு உரிமை இருந்தும் இவை திறக்காமல் இருக்கலாம். கார்டெக்ஸ்-எம்4ல் ரீசெட்டுக்குப் பிறகு எஃப்பியு (ஃப்ளோட்டிங் பாயிண்ட் பகுதி) பூட்டியே இருக்கும். சிபிஏசிஆர் ரெஜிஸ்டரின் 20 முதல் 23 வரை நான்கு பிட்டையும் 1 ஆக்கினால்தான் திறக்கும். 64 பிட் ஆர்மில் சிபிஏசிஆர் இஎல்1இன் 20, 21ஆம் பிட்டுகள்.

நான் ஃப்ளோட் எதுவும் பயன்படுத்தவில்லையே என்று சொல்லாதீர்கள். 64 பிட் ஆர்மில் ஒரு ஸ்ட்ரக்சரை நகலெடுக்கவே கம்பைலர் அந்த ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்திவிடும். பூட் கோடு காரணமில்லாமல் விழுந்தால் எக்ஸெப்ஷனின் காரணத்தைச் சொல்லும் இஎஸ்ஆர்இன் 26 முதல் 31 வரை ஆறு பிட்டைப் பாருங்கள்; 7 இருந்தால் இதுதான் விஷயம். பொது ரெஜிஸ்டர்களை மட்டும் பயன்படுத்து என்று ஜிசிசிக்கும் கிளாங்குக்கும் சொல்ல ஒரு ஆப்ஷன் இருக்கிறது, பூட் கோடுக்கு அதைப் போடுங்கள்.

எம்4ல் எஃப்பியு பயன்படுத்தும் டாஸ்க்குக்கு எக்ஸெப்ஷன் வந்தால் ஸ்டாக்கில் 32 பைட்டுக்குப் பதில் 104 பைட் ஒதுக்கப்படும். டாஸ்க் ஸ்டாக்கை இறுக்கமாக அளந்து வைத்திருந்தால் அங்கே வெடிக்கும்.

8. டீபக்கர் சொல்வதும் ப்ரோக்ராம் பார்ப்பதும் ஒன்றல்ல

என்னை மூன்று நாள் அலைய விட்டது இதுதான். டீபக்கர் கோரை நிறுத்திவிட்டு வெளியிலிருந்து படிக்கிறது. உங்கள் டாஸ்க்கின் உரிமை அதைக் கட்டுப்படுத்தாது. எனவே டீபக்கரில் சரியான மதிப்பும் ப்ரோக்ராமில் 0வும் வந்தால், கம்பைலரைத் திட்டாமல் கண்ட்ரோலைப் பாருங்கள். இரண்டும் முரண்படுவதே மோடு சிக்கலுக்கான நல்ல அறிகுறி.

9. எவ்வளவு நேரம் பிடிக்கும்?

செயலிக்கு: கார்டெக்ஸ்-எம்3, எம்4ல் காத்திருப்பில்லாத மெமரி என்றால் எக்ஸெப்ஷனுக்குள் நுழைய 12 சைக்கிள். எம்0+ல் 15, எம்0ல் 16. 100 மெகாஹெர்ட்ஸில் 12 சைக்கிள் என்பது 0.12 மைக்ரோவினாடி. எஸ்விசி விலை அதிகம் என்று பயந்து எல்லாவற்றையும் உரிமையோடு ஓட்ட வேண்டிய அவசியம் இல்லை. எக்ஸ்86ல் கணக்கு வேறு. எம்எஸ்ஆரில் எழுதும் கட்டளை பெரும்பாலும் பைப்லைனையே காலி செய்யும். செயலியின் விவரங்களைத் தரும் சிபியுஐடி கட்டளையும் அப்படித்தான், இன்டெலில் விர்ச்சுவல் மெஷினுக்குள் அதைக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஹைப்பர்வைசருக்குப் போய்த் திரும்பும். லூப்புக்குள் வைக்காமல் ஒருமுறை படித்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு: 2, 4, 5ஆம் படிகளை ஒரு செயலியில் செய்து பார்க்க இரண்டு மாலைகள் போதும். நாலு செயலியையும் ஒரே நேரத்தில் தொட ஆரம்பித்தால் ஒரு மாதம் போனாலும் குழப்பம்தான் மிஞ்சும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

10. முதல் சோதனை

க்யூஎமுவின் எம்பிஎஸ்2-ஏஎன்386ல், ஆர்டிஓஎஸ் எதுவும் இல்லாமல், மெயின் ஃபங்ஷனில் இதைச் செய்யுங்கள். மதிப்புகளை அச்சிட முயல வேண்டாம். உரிமையைக் கைவிட்ட பிறகு க்யூஎமுவின் செமிஹோஸ்டிங் (ஹோஸ்ட் கணினி வழியாக அச்சிடும் வசதி) வழக்கமான அமைப்பில் வேலை செய்யாது. ஒரு குளோபல் அரேயில் சேமித்து, முடிவில் ஜிடிபி டீபக்கரில் பாருங்கள்.

முதலில் கண்ட்ரோலைப் படியுங்கள்: 0. எம்எஸ்பியைப் படியுங்கள்: ஒரு முகவரி, குறித்துக்கொள்ளுங்கள். சிபிஎஸ்ஐடி கொடுத்து பிரைமாஸ்க்கைப் படியுங்கள்: 1. இன்டரப்ட்டை மறக்காமல் திறந்துவிடுங்கள். இப்போது கண்ட்ரோலில் 1 எழுதி ஐஎஸ்பி. மறுபடி அதே வரிசை. கண்ட்ரோல் 1. எம்எஸ்பி 0. ஆனால் ஆர்13ஐ மூவ் கட்டளையால் ஆர்0க்கு எடுத்தால் பழைய முகவரி அப்படியே வரும். ஸ்டாக் பாயிண்டர் எங்கேயும் போகவில்லை, எம்எஸ்பி என்ற பெயரில் கேட்டால்தான் கொடுக்க மறுக்கிறது. சிபிஎஸ்ஐடி கொடுத்து பிரைமாஸ்க்கைப் படித்தால் 0. கண்ட்ரோலில் 0 எழுதிப் படித்தால் இன்னும் 1.

கடைசியாக ஒரு எஸ்விசி. ஹேண்ட்லரின் முதல் கட்டளையிலேயே எம்எஸ்பியைப் படித்து, ஸ்டாக்கில் உள்ள ஆர்0இன் இடத்தில் எழுதித் திரும்புங்கள். மெயினுக்கு வரும் முகவரி, எஸ்விசிக்குச் சற்று முன் ஆர்13 காட்டியதைவிட 32 குறைவாக இருக்கும். வன்பொருள் அடுக்கி வைத்த எட்டு ரெஜிஸ்டர்களின் இடம்தான் அந்த 32.